கரைப்பானும் கைத்திறனும்

(நூலக அரங்கு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விமானம், கப்பல், ரயில் இன்ஜின் போன்றவற்றின் சிறு மாதிரிகளைச் செய்து வண்ணம் தீட்டுகிற கலை ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, இரவில் ஒரு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அதில் மூழ்கிப்போகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பல காலமாகக் கையாண்டுவந்த வலுவான கரைப்பான்கள் மீது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுப்பாடு விதித்தன. அதை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் இன்று என் பொருள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் வேதியியல் படித்தவன், ஓய்வு நேரத்தில் மாதிரி விமானம் செய்கிறவன். ஒரு சட்டம் எங்கோ பிறந்து, ஒரு தனி மனிதனின் மேசை மேல் இருக்கும் சிறு குப்பி வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு நியாயமானது. ஆனால் ஓர் ஆபத்தை மட்டும் அளந்து எழுதிய விதி, இன்னோர் ஆபத்தை வீட்டுக்குள் அனுப்பிவைத்தது. கரைப்பான் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். குப்பியின் பெயரை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் தவித்தார்கள்.

முதலில் அந்த மேசைக்குப் போவோம். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி பாகங்கள் இருக்கும். பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக். பாகங்களை வெட்டியெடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1952-ல் கோல்டன் ஹைண்ட் கப்பலையும் 1953-ல் ஸ்பிட்ஃபயர் விமானத்தையும் இப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ரெவெல் 1953-ல் மிசூரி போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. இந்த ரெவெல் நிறுவனம் இயங்கியது லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில். இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கரைப்பானுக்கு மூன்று வேலைகள். ஒட்டுவது முதல் வேலை. பிளாஸ்டிக் பசை என்று சொன்னாலும் அது உண்மையில் பசை அல்ல. இரண்டு பாகங்களின் விளிம்பையும் கொஞ்சம் கரைத்து, ஒன்றுக்குள் ஒன்று கலக்கவைத்துவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். இரண்டாவது, வண்ணத்தை நீர்க்கச் செய்வது. மூன்றாவது, பூசிய வண்ணம் பிடிக்கவில்லை என்றால் அதை உரித்தெடுப்பது. மூன்றையும் டொலுவீன், ஸைலீன், மினரல் ஸ்பிரிட், டைகுளோரோமீத்தேன் போன்ற திரவங்கள் மிக நன்றாகச் செய்தன.

வண்ணம் நீர்க்க இருக்க வேண்டும் என்பதில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை, நுனிக்கு நுனி 11.23 மீட்டர். அதை 72-ல் ஒரு பங்காகச் செய்தால் 15.6 சென்டிமீட்டர். அதன் மேல் வண்ணம் 0.05 மில்லிமீட்டர் தடிமனில் படிந்தால், உண்மை விமானத்தில் 3.6 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசியதற்குச் சமம். இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோடுகள் மூடிப்போகும், ஆணித் தலைகள் மறையும். எனவே மெல்லியதாக, சமமாக, தூரிகைத் தடம் இல்லாமல் பூச வேண்டும். வலுவான கரைப்பானில் கரைந்த லாக்கர் இதற்குத் தோதானது. அது பிளாஸ்டிக்கைச் சற்றே கடித்துப் பிடிக்கும், சில நிமிடங்களில் காயும், காய்ந்த பிறகு சுருங்கி மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும். எனாமல் மெதுவாகக் காயும், ஆனால் தானாகவே பரவிச் சமமாகும். நம் நாட்டு ஹார்டுவேர் கடைகளில் டர்பன்டைன் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த திரவம்தான். எனாமலுக்கு ஏற்ற மினரல் ஸ்பிரிட்டும் அதே குடும்பம்.

சரி, இவ்வளவு நல்ல திரவங்களை ஏன் தடுத்தார்கள்? இப்போது லாஸ் ஏஞ்சலஸுக்கு வருவோம்.

1943 ஜூலையில் ஒருநாள் அந்த நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க் காலம் என்பதால் எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றே பலர் பயந்தார்கள். பிறகு அருகிலிருந்த ஒரு செயற்கை ரப்பர் ஆலை மீது பழி விழுந்தது. உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்து, பசடேனாவின் கால்டெக்கில் பணியாற்றிய வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே முறையில் நகரத்துக் காற்றைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தார். கார்களிலும் ஆலைகளிலும் இருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து வினைபுரிந்து ஓசோனையும் பிற எரிச்சலூட்டும் பொருள்களையும் உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். 1968-ல் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவர் ஆனவரும் அவரே.

அவருடைய கண்டுபிடிப்பின் நேரடி விளைவு, 1966-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் கொண்டுவந்த 66-ஆம் விதி. கரைப்பான்களை அவை வெயிலில் எவ்வளவு வினைபுரிகின்றன என்ற அடிப்படையில் அது பிரித்தது. வண்ணத் தொழிலில் பயன்படும் கரைப்பான் கலவையில் ஸைலீன் வகை 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலும், டொலுவீன் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலும் கட்டுப்பாடு. பிளாஸ்டிக் மாதிரிகள் செய்யும் தொழில் வளர்ந்த நகரமும், கரைப்பானுக்கு வேலி போட்ட நகரமும் ஒன்றே. அந்த நகரத்துக் காற்றை மூச்சாக இழுத்தவர்களில் மாதிரி செய்கிறவர்களும் அடக்கம்.

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கட்டுப்பாட்டைக் கண்டதும் நம் பொழுதுபோக்கைக் கெடுக்க அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள் என்று பேசுகிற குணம் எல்லா நாட்டிலும் உண்டு. ஒரு குப்பியிலிருந்து போகும் ஆவி ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் பள்ளத்தாக்கில், மலைகள் மூன்று பக்கம் காற்றைத் தடுத்து நிற்கும் இடத்தில், ஒவ்வொரு வீட்டுக் குப்பியும் கூட்டலில் சேரும்.

கார், ஆலை ஆகியவற்றின் புகை குறையக் குறைய, மிஞ்சிய சிறு சிறு மூலங்கள் மீது பார்வை திரும்பியது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் காற்றைக் கவனிக்கும் தெற்குக் கடற்கரைக் காற்றுத்தர மேலாண்மை மாவட்டம் 2009 மார்ச்சில் 1143-ஆம் விதியை நிறைவேற்றியது. பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் தின்னரிலும் பல்நோக்குக் கரைப்பானிலும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் 2010 ஜனவரி முதல் லிட்டருக்கு 300 கிராம், 2011 ஜனவரி முதல் 25 கிராம், அவ்வளவுதான் இருக்கலாம். ஒரு லிட்டர் மினரல் ஸ்பிரிட் ஏறக்குறைய 780 கிராம். அத்தனையும் ஆவியாகும் பொருள். ஆகவே 25 கிராம் என்ற எண், அந்தத் திரவத்தைக் கடை அலமாரியிலிருந்து அகற்றிவிடும் எண். கலிபோர்னியா மாநிலம் முழுமைக்குமான விதி 2010 முடிவில் எடையில் 30 விழுக்காடு என்றும் 2013 முடிவில் 3 விழுக்காடு என்றும் வரம்பு வைத்தது.

அலமாரியில் அந்த இடத்தைப் பிடித்தது எது? அசிட்டோன். அது வெயிலில் மிகக் குறைவாகவே வினைபுரிகிறது என்பதால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995-ல் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து அதை விலக்கியிருந்தது. காற்றின் கணக்கில் அது நல்ல பிள்ளை. ஆனால் தீயின் கணக்கில்? மினரல் ஸ்பிரிட்டின் ஆவி தீப்பற்ற அது சுமார் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். அசிட்டோனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியே போதும். அதாவது எந்தச் சாதாரண அறையிலும் அது எப்போதும் தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது. பழைய பழக்கத்தில் அதே பெயின்ட் தின்னர் என்று நினைத்து ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கையாண்டால் என்ன ஆகும்? இந்தக் கவலை அங்கேயே எழுந்தது. தீப்பற்றும் தன்மை பற்றிய எச்சரிக்கையைக் குப்பியில் தெளிவாகப் போட வேண்டும் என்று விதியில் பிறகு சேர்த்தார்கள். அதற்கு முன்பே அதை யோசித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாதிரி செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. அசிட்டோன் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். எனாமலில் கலந்து அடித்தால் இறக்கையில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். கடையில் கிடைத்த இன்னொரு மாற்று, நீரில் கலந்த வெள்ளைநிறத் தின்னர். அதை எனாமலில் ஊற்றினால் வண்ணம் திரிந்துபோகும். ஆக, ஒன்று பிளாஸ்டிக்கைக் கெடுத்தது, மற்றது வண்ணத்தைக் கெடுத்தது.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் அண்டை மாநிலத்துக்குக் காரில் போய் தகர டின்களை வாங்கிவந்தார்கள். சிலர் விதியைப் பொறுமையாகப் படித்தார்கள். ஓவியர்களுக்காகச் சிறு கொள்கலன்களில் விற்கும் கரைப்பானுக்கு விதியிலேயே விலக்கு இருந்தது. அது ஓவியப் பொருள் கடையில் கிடைத்தது. விலை கூடுதல், ஆனால் ஒரு மாதிரிக்குத் தேவைப்படுவது சில மில்லிலிட்டர்தான். சட்டத்தைத் திட்டுவதைவிடச் சட்டத்தைப் படிப்பது பயன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று. மூன்றாவது வகையினர், நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களுக்கு மாறினார்கள். இந்த மாற்றத்தில்தான் உண்மையான கைத்திறன் வெளிப்பட்டது. அதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம்.

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் பேனா போன்ற கருவி. அதன் மூக்குத் துளை 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர். லாக்கருக்குப் பழகியவர் அதில் நீர்வண்ணத்தை ஊற்றினால் முதல் நாளே மனம் உடைந்துபோவார். காரணம் இதுதான். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன். பெட்ரோலியக் கரைப்பான்களுக்கு ஏறக்குறைய 25. பாலிஸ்டைரீன் பரப்பு நீரை எளிதில் ஏற்காது. வண்ணம் பரவாமல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்னும் மோசம். அடுத்த சிக்கல், அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். தெளிப்பு தடைப்படும், பிறகு திடீரென்று வண்ணம் கொட்டும்.

இவற்றுக்கு அவர்கள் கண்ட வழிகள் எளிமையானவை. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்தார்கள். அதன் பிறகு அவற்றை வெறுங்கையால் தொடவில்லை. மேலே பிரைமர் அடித்தார்கள். பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும் வேலையைக் கரைப்பான் செய்யாதபோது, அந்த வேலையைச் செய்ய பிரைமர் வேண்டும். வண்ணத்தை ஆடை நீக்கிய பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, காயும் வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்தார்கள். அழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அளவுக்குள் வைத்தார்கள். முதல் பூச்சை வெறும் ஈரத் தூவலாக, அடியில் இருக்கும் நிறம் தெரியும்படி அடித்தார்கள். அது காய்ந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கையில் ஈரமான பஞ்சுக் குச்சி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். ஊசி முனையில் படிந்ததை அவ்வப்போது துடைத்துக்கொள்வார்கள். மேலே டேப் ஒட்டி அடுத்த நிறம் அடிப்பதற்கு ஒரு முழு நாள் காத்திருப்பார்கள்.

லாக்கரில் ஒரே மாலையில் முடிந்த வேலை இப்போது மூன்று மாலை எடுக்கிறது. ஆனால் இரண்டு முறையிலும் முடிந்த இறக்கைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எந்த வண்ணம் என்று நல்ல கண்ணுக்கும் எளிதில் தெரியாது. கரைப்பான் தானாகச் செய்துவந்ததை இப்போது கையும் பொறுமையும் செய்கின்றன. நடுவழியும் ஒன்று உண்டு. ஜப்பானின் தமியா நிறுவனத்து அக்ரிலிக் வண்ணம் நீரிலும் கலக்கும், ஆல்கஹாலிலும் கலக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்த்தால் பரப்பு இழுவிசை இறங்கிவிடும். டொலுவீனோ ஸைலீனோ இல்லாமலே வழவழப்பான பூச்சு கிடைக்கும்.

வண்ணத்தை உரிக்கும் வேலைக்கு இங்கிலாந்துக்காரர்கள் கண்ட வழி உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். அது டெட்டால். நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் அதே பழுப்புத் திரவம். உலோகப் படைவீரர் பொம்மைகளை அதில் ஓர் இரவு ஊறவைத்துவிட்டு, மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் கழன்று வரும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊறியதை எடுத்ததும் தண்ணீரில் காட்டக் கூடாது. காட்டினால் கழன்ற வண்ணம் கறுப்புப் பிசினாகி எல்லா இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். மேலும் கொஞ்சம் டெட்டாலிலேயே அலசி, வண்ணம் முழுவதும் போன பிறகுதான் சோப்பும் தண்ணீரும். பிளாஸ்டிக் பொம்மையானால் வேண்டாத துண்டு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில், உரிக்கும் வேலைக்கு முன்பு பயன்பட்ட டைகுளோரோமீத்தேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் ஆவி உடலுக்குள் போனதும் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரிக்கக் குனிந்து வேலை செய்த தொழிலாளர்கள் அமெரிக்காவில் அங்கேயே சுருண்டு விழுந்து இறந்திருக்கிறார்கள். 1980 முதல் இந்தத் திரவத்தால் குறைந்தது 88 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் கூறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-லேயே முடிவெடுத்து, வண்ணம் உரிக்கும் கலவைகளில் இதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2011 டிசம்பரோடு நிறுத்தியது. அமெரிக்கா நுகர்வோர்க்கான வண்ணம் உரிப்பானில் 2019-ல் தடை விதித்தது, 2024-ல் எல்லா நுகர்வோர் பயன்பாட்டுக்கும் தடையை விரிவுபடுத்தியது. சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்குகளை ஒட்டும் மாதிரிப் பசைகளிலும் இதுவே இருந்தது. நல்ல பசை போய்விட்டதே என்று வருந்துகிறவர்களுக்கு என் பதில் ஒன்றே. எந்தப் பொம்மையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

பசை என்றதும் டொலுவீன் கதையும் வருகிறது. 1959 முதல் அமெரிக்கச் செய்தித்தாள்கள் சிறுவர்கள் விமானப் பசையை முகர்ந்து மயங்குவதைப் பற்றி எழுதத் தொடங்கின. 1962-ல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரம் இதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 1969-ல் டெஸ்டர் நிறுவனம் தன் பசையில் கடுகுக் காரத்துக்குக் காரணமான வேதிப்பொருளைச் சேர்த்தது. முகர்ந்தால் மூக்கு எரியும், ஒட்டுகிறவருக்குத் தடையில்லை. ஐரோப்பாவில் 2007 முதல் பொதுமக்களுக்கு விற்கும் பசையிலும் தெளிப்பு வண்ணத்திலும் டொலுவீன் 0.1 விழுக்காட்டை எட்டக் கூடாது. நம் நாட்டிலும் 2012-ல் மத்திய அரசு, குப்பியில் விற்கும் வைட்னருக்கும் அதன் தின்னருக்கும் சில்லறை விற்பனையில் தடை விதித்தது, இதே முகரும் பழக்கத்தால்தான். பசைக்கு மாற்றுகள் வந்துவிட்டன. பூட்டைல் அசிட்டேட் கலந்தவை இருக்கின்றன. சிட்ரஸ் பழத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீனை வைத்துத் தமியா ஒரு பசை விற்கிறது. மெதுவாகக் கரைக்கும், ஆனால் நன்றாகவே ஒட்டும்.

இழப்புகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க ரயில் மாதிரிக்காரர்களிடம் ஃப்ளோகுவில் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஸைலீன் வகைக் கரைப்பானில் வந்த வண்ணம் அது. சான்டா ஃபே, பென்சில்வேனியா போன்ற ரயில் நிறுவனங்களின் அசல் நிறங்களுக்குப் பொருந்தக் கலந்தது. நீராவி இன்ஜினில் புகையும் எண்ணெயும் படிந்து மங்கிய கறுப்பைக் காட்ட 'கிரைமி பிளாக்' என்று ஒரு நிறம் வைத்திருந்தார்கள். 2013-ல் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். பலர் அதைக் கரைப்பான் சட்டங்களின் தலையில் போட்டார்கள். ஆனால் அதே நேரத்தில் அதே நிறுவனம் பாலி ஸ்கேல் என்ற நீர்வண்ணத்தையும் நிறுத்தியது. சட்டம் மட்டுமே காரணம் என்றால் நீர்வண்ணம் பிழைத்திருக்க வேண்டும். சிறிய சந்தை, பெரிய நிறுவனம், வணிகக் கணக்கு ஆகியவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இழப்பு நேரும்போது உண்மையான காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தவறான எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

இப்போது நம் வீட்டு அறைக்கு வருவோம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 கன மீட்டர் காற்று. ஜன்னலை மூடிவிட்டு, 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி டொலுவீன் ஆவியாகிறது. கணக்குப் போட்டால் காற்றில் அது பத்து லட்சத்தில் 80 பங்குக்கு மேல் வரும். தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையில் சுவாசிக்க ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு 50. ஒரு மாலையில் ஏர்பிரஷ்ஷைக் கழுவ மட்டும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் ஆகும். அந்த அறையில் ஒரு குழந்தை தூங்கினால்?

1970-களில் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வீட்டுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர்களிடம் ஞாபக மறதியும் கவனக் குறைவும் மனச்சோர்வும் மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆண்டுக்கணக்கில் கரைப்பான் ஆவியைச் சுவாசித்ததன் விளைவு அது. டென்மார்க் 1982-ல் ஒரு குறியீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒரு லிட்டர் வண்ணத்தின் ஆவியைத் தீங்கில்லாத அளவுக்கு நீர்க்கச் செய்ய எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டது அந்த எண். டின்னைப் பார்த்தாலே தொழிலாளிக்கு எவ்வளவு காற்றோட்டமும் எந்த முகக்கவசமும் தேவை என்று தெரியும். நல்ல சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். பொருளைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன்பு, பயன்படுத்துகிறவனுக்கு உண்மையைச் சொல்லும் சட்டம் அது. டைகுளோரோமீத்தேன் போன்ற கொலைகாரப் பொருளுக்குத் தடைதான் சரி. மற்றவற்றுக்கு அறிவும் அளவும் வேண்டும்.

நீர்வண்ணம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஏர்பிரஷ் எதைத் தெளித்தாலும் அது நுண்துளியாகிக் காற்றில் மிதக்கும். நிறப்பொடி நுரையீரலுக்குள் போகும். அதற்குத் துகள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். கரைப்பான் வண்ணத்துக்கு அது மட்டும் போதாது. ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். துணிக் கவசம் ஆவியை ஒருபோதும் தடுக்காது. காற்றை வெளியே தள்ளும் விசிறிப் பெட்டி வைத்தால், அதன் மோட்டாரில் பொறி பறக்கக் கூடாது. மீந்த கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மூடியுள்ள ஜாடியில் வைத்தால் வண்ணம் அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம்.

நம் ஊரில் தின்னர் இன்றும் ஹார்டுவேர் கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது. பெரிய கேனிலிருந்து பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதையும் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தடுக்க யாரும் இல்லை என்பது நமக்குக் கிடைத்த வசதி அல்ல. கலிபோர்னியாக்காரர் சட்டம் வந்ததால் கற்றுக்கொண்டதை நாம் சட்டம் வருவதற்கு முன்பே கற்றுக்கொள்ளலாம்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். இந்தக் கலைக்கு வரும் பிள்ளைகளை நீர்வண்ணத்தில் தொடங்கச் சொல்லுங்கள். லாக்கர் வேண்டுமென்றால் அது பெரியவர் ஆன பிறகு, திறந்த ஜன்னலும் சரியான முகக்கவசமும் இருக்கும்போது. பெயர் ஒட்டாத பாட்டிலில் எந்தத் திரவத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று குப்பியில் எழுதச் சொல்லி விற்பவரைக் கேளுங்கள், அரசைக் கேளுங்கள். கலையைக் கரைப்பானிடமிருந்து கற்காதீர்கள், கரைப்பான் என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். நாளை எந்தக் குப்பி கடையிலிருந்து மறைந்தாலும் உங்கள் கை நிற்காது.